வேப்பமரத்து ஆலோசனைக் குழு

சமயப் பாடம் வந்தாலே அணில் டீச்சர் பக்கத்தைப் புரட்டிவிடுவாள். எந்தச் சாமியை முதலில் சொன்னாலும் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்களே என்ற பயம்தான். மூன்று வருடம் இப்படியே போனதால், அவளுக்கு யோசனை சொல்ல ஊரில் ஒரு குழு போட்டார்கள். கோபுரத்துப் புறா, பள்ளிவாசல் மைனா, மாதா கோயில் சிட்டுக்குருவி என்று மூன்று பேர்.

வேப்பமரத்தில் முதல் கூட்டம் நடந்தது. யாருடைய பாடம் முதலில் என்ற சண்டையிலேயே பொழுது சாய்ந்துவிட்டது.

"இந்த வருஷமும் பாடம் கிடையாது. ஆளுக்கு ரெண்டு வேப்பம்பழம் சாப்பிட்டுக் கிளம்புங்க," என்றாள் டீச்சர்.

"எனக்கு வேண்டாம் டீச்சர்," என்றது புறா. "மைனா வீட்டுல நோன்புக் கஞ்சி இருக்கு."

"இப்பவே கொடுப்பாங்களா?"

"அதெப்படி? பள்ளிவாசல்ல பாங்கு சொன்னப்புறம்தான் வாயில வைப்பாங்க. சின்னப் பிள்ளைங்ககூடப் பசியோட காத்திருக்கும். அதுங்களைப் பார்த்துட்டு நானும் அதுவரைக்கும் ஒரு பருக்கைகூடக் கொத்தறதில்லை."

மைனா சண்டையை மறந்து புறாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தது.

"நாளைக்கு வகுப்புல இதை நீயே வந்து சொல்லு," என்றாள் டீச்சர்.

அந்த வாரம் புறா பள்ளிவாசலைப் பற்றிச் சொன்னது. அதேபோலக் குருவி கோயிலைப் பற்றியும், மைனா மாதா கோயிலைப் பற்றியும் சொல்லின.

அடுத்த கூட்டத்திலும் சண்டைதான்.

"மாதா கோயில் பாட்டைப் பத்தி மைனா ஒரு வார்த்தை சொல்லலை!" என்று புறா கத்தியது.

"பரவாயில்லைண்ணே, விடுங்க," என்றது குருவி.

"நீ சும்மா இரு," என்றது புறா. "உனக்கு ஒண்ணும் தெரியாது!"