குளத்துக் கல்

கோமாரிக்குத் தடுப்பூசி போடுகிறவர்கள் வந்த அன்று, கரிச்சி என்கிற எருமை குளத்துக்குள் போய் மூக்கு மட்டும் தெரிய முங்கிக்கொண்டது. கூட்டாளிக் கொக்கு அதன் தலைமேல் ஒற்றைக் காலில் நின்றது. வந்தவர்கள் ஏதோ கல் என்று நினைத்து, மற்ற மாடுகளுக்கெல்லாம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டும் பல நாள் சிரித்தன.

மூன்று மாதம் கழித்துக் கரிச்சி கன்று ஈன்றது. இருபது நாள்கூட ஆகவில்லை, கரிச்சிக்குக் கோமாரி கண்டுவிட்டது. வாயிலும் குளம்பிலும் புண். அன்றைக்கே பிரித்துக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே ஒரு வேப்பமரத்தில் கட்டினார்கள். தண்ணீர் வைக்கிறவர்கூடக் கால் கழுவிக்கொண்டுதான் திரும்பிப் போனார். மற்றபடி ஈ காக்கை கிடையாது.

நாலாம் நாள் கொக்கு தேடி வந்து கிளையில் உட்கார்ந்தது.

"உன் கன்னுக்குட்டி முதுகுல இருந்துதான் வர்றேன். அம்மா எங்கேன்னு கேட்டுக் கத்துது."

கரிச்சி தலையைத் தூக்கியது. "அதுக்கு ஊசி போட்டாச்சா?"

"அந்த வயசு வரலையாம். நகரு, உன் பக்கத்துல கொஞ்ச நேரம் இருந்துட்டு, போய் அதுகிட்ட ஏதாவது சொல்றேன்."

கொக்கு இறங்கியது. கரிச்சி கொம்பை ஆட்டி விரட்டியது.

"இறங்காதே! என்மேல பட்ட காலோட அதுகிட்டப் போவியா? இனிமே இந்தப் பக்கமே வராதே."

"நீ இங்கே தனியா…"

"அன்னைக்கு அவங்க நெனச்ச மாதிரியே நெனச்சுக்கோ. இங்கே இருக்கிறது வெறும் கல்லு."

கொக்கு பறந்து கண்ணுக்கு மறையும்வரை, கரிச்சி வாலைக்கூட ஆட்டவில்லை.