ரிஜிட்டா, சஸ்பென்ஷனா?

"ஐயா, கழட்டாதீங்க!" என்று வந்தவர் கை கூப்பினார். அதற்குள் அந்த மவுண்டன் பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மாமாவின் கையில் இருந்தது.

மாமாவும் மச்சானும் சேர்ந்து நடத்தும் சைக்கிள் கடை அது. மச்சானின் அக்காவை மாமாவுக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து இருவருக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகும், ஃபோர்க் விஷயம் தவிர. மாமா ஸ்பிரிங் இல்லாத ரிஜிட் கட்சி. மச்சான் ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷன் கட்சி. ஒன்பது வருஷமாக இருவரும் ஒரு அங்குலம் இறங்கி வந்ததில்லை.

"நான் வந்து... இந்த வண்டிய..." என்று இழுத்தார் வந்தவர்.

"தெரியுது சார், மணிக்கட்டு வலி. முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கே!" என்றான் மச்சான். "சஸ்பென்ஷன் போட்டுட்டா மெத்தையில போற மாதிரி இருக்கும்."

"மெத்தை வேணும்னா வீட்லயே படுத்துக்க மாட்டாரா? அதுக்கு ஆயில், சீல்னு ஆயிரம் சீக்கு வரும். ரிஜிட்தான் லேசு, மேட்டுல பறக்கும். ஏறி உக்காருங்க சார்!"

ரிஜிட் மாட்டப்பட்டது. வந்தவர் ஏறி உட்கார்ந்தபோது கால் பெருவிரல்கூடத் தரையைத் தொடவில்லை. அதைக் கவனிக்க யாருக்கும் பொழுதில்லை. கடைக்குப் பின்னால் இருந்த ஆறு படிகளில் அவரை வண்டியோடு இறக்கிவிட்டார்கள். பற்கள் தடதடக்கக் கீழே போய்ச் சேர்ந்தார்.

"பாத்தீங்களா மாமா, மனுஷன் ஆடிப்போயிட்டார்!" மச்சான் அதைக் கழற்றிவிட்டு சஸ்பென்ஷனை மாட்டினான். இந்த முறை படி முடிந்தும் அவர் எம்பிக்கொண்டே போய் டயர் குவியலில் குப்புற விழுந்தார்.

"சாருக்கு மெத்தை கிடைச்சிருச்சு," என்றார் மாமா.

மறுபடி ரிஜிட். மறுபடி சஸ்பென்ஷன். அவர் தெருவைப் பார்த்தபடி வாசல் பக்கம் நகரும்போதெல்லாம், மாற்றி மாற்றித் தோளில் கை போட்டு இழுத்து வந்தார்கள். முழங்கை சிராய்த்தது, சட்டை கிழிந்தது, சாப்பாட்டு நேரமும் தாண்டிப்போனது.

ஐந்தாவது முறை படியேறச் சொன்னபோது அவர் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேவிட்டார்.

"அழுதா எப்படி சார்? ஒரு முடிவைச் சொல்லுங்க. ரிஜிட்டா, சஸ்பென்ஷனா?"

"போலீஸைக் கூப்பிடுங்கய்யா! இந்த வண்டிய இன்னிக்குக் காலையிலதான் திருடினேன். வித்துட்டுப் போயிடலாம்னு வந்தேன். என்னைப் புடிச்சு உள்ள தள்ளிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

மச்சான் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமா தன் ரிஜிட் ஃபோர்க்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஸ்டேஷனுக்குப் போற ரோடு பூரா குண்டும் குழியுமால்ல இருக்கு... நீ சஸ்பென்ஷனையே மாட்டு, மச்சான்."