அத்தைக்கே அரைக் கட்டிதான்

வாசல் கதவைத் திறந்ததுமே சாக்லேட் வாசனை. மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

மற்ற வீடுகளில் அந்த வாசனைக்குப் பிள்ளைகள் ஓடி வரும். இந்த வீட்டில் ஓடி ஒளியும். காரணம் அப்பா. முப்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவர். கசப்பு மருந்து கொடுக்குமுன் குழந்தை வாயில் கல்கண்டு வைத்துப் பழகிய கை. கெட்ட செய்தியையும் அவர் யாருக்கும் வெறும் வயிற்றில் கொடுத்ததில்லை. முதலில் ஹாட் சாக்லேட். குடித்து முடித்த பிறகுதான் விஷயம்.

விஷயத்தின் கனம் கோப்பையிலேயே தெரிந்துவிடும். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னபோது வெந்நீரில் கோகோத்தூள். அக்காவின் கல்யாணம் நின்றுபோனபோது பாலில் கோகோத்தூள். அத்தை இறந்த அன்றுதான் முதல்முறையாக நிஜச் சாக்லேட், அதுவும் அரைக் கட்டி.

இன்று பலகையில் முழுக் கட்டியை வைத்துப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"சாக்லேட்டும்மா."

"அது தெரியுது. யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. சும்மாதான்."

அத்தை விஷயத்தையும் 'சும்மாதான்' என்றுதான் ஆரம்பித்தார்.

கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைக் கழற்றவும் தோன்றாமல் நின்றாள்.

"ஆபீஸ் எப்படிம்மா?"

"வழக்கம்போலத்தான். அம்மா எங்க?"

"படுத்திருக்கா."

"இந்த நேரத்துலயா?"

மணி ஆறுகூட ஆகவில்லை. அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. திங்கட்கிழமை அம்மாவின் கழுத்துக் கட்டியில் ஊசி போட்டுச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். முடிவு இன்றைக்கு.

"ரிசல்ட் வந்துடுச்சாப்பா?"

"கையைக் கழுவிட்டு உக்காரு."

வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் சாக்லேட் கிண்ணத்தை வைத்தார்.

"அப்பா, கட்டி என்ன ஆச்சு?"

"உருகிட்டிருக்கு."

"நான் சாக்லேட்டக் கேக்கலப்பா!"

இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். அவர் என்ன செய்வார்? அவள் கண் நிறைந்துவிட்டது.

"தள்ளி நின்னு அழும்மா. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் சாக்லேட் திரிஞ்சுடும்."

பாலைச் சுடவைத்தார், கொதிக்க விடவில்லை. ஒரு கரண்டிப் பால் விட்டுச் சாக்லேட்டைக் குழைத்தார். மீதியை நூல் மாதிரி ஊற்றிக் கலக்கினார். மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளையில் க்ரீமை அளந்தார். ஒரு சிட்டிகை உப்பு. அப்புறம், ஏதோ நினைத்துக்கொண்டவர் போல மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுத்து, ஒரு பட்டைத் துண்டை உள்ளே போட்டார்.

க்ரீம்கூடச் சரி. பட்டையுமா? அப்படியென்றால் எத்தனை மாதம்? மாதமா, வாரமா?

"உன் மஞ்சக் கோப்பை எங்கம்மா? அதுலதான் சூடு நிக்கும்."

"ஆபீஸ்ல இருக்கு. டீ குடிக்க அங்கதான் வச்சிருக்கேன். இப்ப கோப்பையா முக்கியம்?" குரல் உடைந்தது. "ஏம்ப்பா, எதையாவது ஒரு தடவை நேரா சொல்லியிருக்கீங்களா? ஒரே வீட்டுல இருந்துகிட்டு இப்படி மூடி மூடி வைக்கிறது நல்லாவா இருக்கு?"

அப்பா கலக்குவதை நிறுத்தவில்லை. "சொன்னா எதிர்ல இருக்கறவங்க உடைஞ்சுடுவாங்களோன்னு ஒரு பயந்தான்."

"உடைஞ்சா உடையட்டும்! வீட்டு மனுஷங்ககிட்ட மறைக்கிறதுதான் பெரிய தப்பு."

"தப்புதான்" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா மறைக்கிறவங்களும் பாவம் இல்லையா?"

"அதெல்லாம் சாக்கு!"

அந்தச் சத்தத்தில் அறைக் கதவு திறந்தது. கலைந்த தலையோடு அம்மா வந்து நின்றாள்.

"என்னடி கத்தல்? நாலு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல, இன்னிக்குத்தான் கண் அசந்தேன்."

"அம்மா... ரிசல்ட்?"

"வெறும் கொழுப்புக் கட்டியாம். எனக்குக் கொழுப்புன்னு உங்கப்பா முப்பது வருஷமா வாயாலதான் சொல்லிட்டிருந்தார். இப்ப எழுதியே வாங்கிட்டு வந்துட்டார்."

கொட்டாவி விட்டபடி உள்ளே போனாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

மகள் நாற்காலியில் சரிந்தாள். கொஞ்ச நேரம் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்புறம் பார்வை அடுப்புக்குப் போனது. பயம் திரும்பி வந்தது.

"அப்ப இது எதுக்குப்பா? முழுக் கட்டி, க்ரீம், பட்டை... அத்தைக்கே அரைக் கட்டிதானே? அவ்வளவு பெரிய கெட்ட செய்தி என்ன?"

அப்பா சாக்லேட்டை வடிகட்டிக் கோப்பையில் ஊற்றினார்.

"இன்னிக்குச் சொல்ல வேண்டியது நான் இல்லம்மா. குடிச்சு முடி. அப்புறம் நிதானமா நீ சொல்லு. காலையில உன் பேருக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்துச்சு."

கோப்பையை அவள் முன்னால் வைத்தார்.

மஞ்சள் கோப்பை. மூன்று வாரத்துக்கு முன்னால், வேலையிலிருந்து நிறுத்திய அன்று, ஆபீஸ் மேஜையிலேயே அவள் மறந்து விட்டுவிட்டு வந்தது.