பொக்லைனை மறித்தவள்

கடைவீதியின் பழைய நாடக அரங்கத்தை இடித்துவிட்டு அங்கே கார் பார்க்கிங் கட்டப் போகிறார்கள். யாராவது கோர்ட்டுக்குப் போவதற்குள் இடித்துவிட வேண்டும் என்று சூப்பர்வைசர் ரகசியமாகத் திட்டம் போட்டு, விடிந்தும் விடியாததுமாகப் பொக்லைனோடு வந்து இறங்கினார்.

வாசற்படியில் ஒரு பெண்மணி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா நீ? எந்திரி!" என்று பொக்லைன் டிரைவர் கீழே குதித்தான்.

"முடியாது. எத்தனை பேரை மேடையேத்தின இடம் இது! இதை இடிச்சுட்டு காரை நிறுத்தணுமா?"

"என் பொழப்பைக் கெடுக்கவே வந்தியா? வீட்டுல உனக்கு வேலை வெட்டி இல்லையா?"

"உனக்குத்தான் வேற வேலை கிடைக்கலையா?"

கூச்சல் கேட்டுக் கூட்டம் கூடிவிட்டது. டிரைவரோ தொண்டை கட்டும்வரை மல்லுக்கு நின்றான். நமக்காக இப்படி உயிரைக் கொடுக்கிறானே என்று சூப்பர்வைசர் உருகிப்போனார்.

அதற்குள் ஒரு வக்கீல் கோர்ட்டுக்கு ஓடி, மத்தியானமே தடை உத்தரவோடு திரும்பினார். கூட்டம் கைதட்டியது.

"விடுப்பா, நீ உன்னால ஆனதைச் செஞ்சே. வா, கார்ல கொண்டுபோய் விடறேன்" என்றார் சூப்பர்வைசர்.

"ஐயோ, வேண்டாம் சார்! பஸ்ல போய்க்கிறேன்" என்று டிரைவர் பதறினான். அவர் கேட்கவில்லை. வீட்டு வாசல்வரை கூடவே வந்தார்.

கதவைத் திறந்தவள் அதே பெண்மணி. பின்னால் நின்றவரை அவள் கவனிக்கவில்லை.

"நல்லவேளை, நேத்தே வந்து விஷயத்தைச் சொன்னீங்க! ஆனாலும், கட்டின பொண்டாட்டியையே என்னமா விரட்டறீங்க! அந்த மேடையில எனக்கு ஜோடியா நடிச்சப்போகூட நீங்க இவ்வளவு நல்லா நடிச்சதில்லையே!"