நூற்றில் எட்டு

கரும்பலகையில் பியூலா டீச்சர் ஒரு வைரஸை வரைந்திருந்தார். உருண்டை. சுற்றிலும் முட்கள்.

மூன்றாவது பெஞ்சில் இருந்த அவள் அதைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தே முக்கால்.

இந்நேரம் அம்மா ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். தனியாக.

காலையில் கேட்டாள். "இன்னைக்குத் துணைக்கு ஆளோட வரச் சொல்லியிருக்காங்க. அப்பா லோடு ஏத்திட்டுப் போயிட்டாக. ஏட்டி, நீ வாரியா?"

"எனக்குப் பரீட்சை இருக்கு" என்றாள்.

பரீட்சை இல்லை.

அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஏழாவது மாதம். ரேஷன் கடை வரிசையில் யாரோ, "மக பிளஸ் டூ படிக்கா, தாய்க்கு வளைகாப்பாம்" என்று சொல்ல, வரிசையே சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துப் பேசினாள். கழுத்துக்குக் கீழே பார்வையைக் கொண்டுபோவதில்லை. வகுப்பில் ஒருத்திக்கும் சொல்லவில்லை.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"இனி சொல்லப்போறது பரீட்சைக்கு வராது. பேனாவை மூடி வைங்க."

இப்படி அவர் சொன்னதே இல்லை. எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவளும்.

கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால், மனிதனே இல்லாத காலத்தில், குரங்கு போன்ற ஏதோ ஓர் உயிரை ஒரு வைரஸ் தொற்றியது. அது போய்ப் புகுந்த இடம் ஒரு கருமுட்டை. அல்லது ஒரு விந்தணு. தன்னுடைய மரபணுவை அங்கே எழுதிவைத்துவிட்டது. அந்த உயிர் சாகவில்லை. குட்டி போட்டது. குட்டியின் ஒவ்வொரு செல்லிலும் வைரஸின் எழுத்து.

இப்படி ஒரு முறை அல்ல. எத்தனையோ முறை.

பெரும்பாலானவற்றைச் சடுதிமாற்றங்கள் சிதைத்துவிட்டன. ஓர் எழுத்து மாறி, இன்னோர் எழுத்து விழுந்து, அர்த்தமில்லாமல் நமக்குள் கிடக்கின்றன.

"நம்ம மரபணுத் தொகுதியில நூத்துக்கு எட்டுப் பங்கு பழைய வைரஸ்" என்றார் டீச்சர்.

முன்பெஞ்சு ஷைனி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாமே குப்பைதானா டீச்சர்?"

"ஒண்ணு ரெண்டு மட்டும் குப்பை இல்ல."

டீச்சரின் குரல் தணிந்தது.

செல்லோடு ஒட்டிக்கொள்ள அந்த வைரஸ் ஒரு புரதம் வைத்திருந்தது. திருடன் கையில் இருக்கும் சாவி மாதிரி. அதை உடம்பு எடுத்து வைத்துக்கொண்டது. கர்ப்பத்தில், பிள்ளையின் பக்கம் இருக்கும் செல்கள் அந்தப் புரதத்தால்தான் ஒன்றோடொன்று கலந்து, இடுக்கே இல்லாத ஒரு படலமாகின்றன. ஒரு பக்கம் தாயின் ரத்தம். மறுபக்கம் பிள்ளையின் ரத்தம். இரண்டும் கலப்பதில்லை. மூச்சும் சோறும் கடந்து போகும்.

"நஞ்சுக்கொடின்னு சொல்றோமே, அங்க. அந்தப் படலம் இல்லேன்னா இந்த வகுப்புல ஒருத்தரும் உட்கார்ந்திருக்க மாட்டோம். நானுந்தான்."

பக்கத்து வகுப்பில் யாரோ ஒரு கணக்குக்கு விடை சொல்வது கேட்டது.

அவளுக்கு முழங்கை வரை சிலிர்த்தது.

அந்தப் படலம் இப்போது, இந்த நொடியில், ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. சாயம் போன ஒரு நைலக்ஸ் புடவைக்குள். மனிதனே இல்லாத காலத்தில் தொடங்கிய ஒன்று, இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி நடந்துகொண்டிருக்கிறது. ஓசையில்லாமல். யாரையும் கேட்காமல்.

அதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் கூசினாள்.

எழுந்து நின்றாள்.

"டீச்சர், நான் போகணும்."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. எங்கம்மா மாசமா இருக்காங்க. செக்கப்புக்குத் தனியா போயிருக்காங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அது அவள் காதில் விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது.

பியூலா டீச்சர் மேசைமேல் இருந்த தன்னுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"வெயிலா இருக்கு. ஓடு."

ஓடினாள்.

அம்மா கடைசி பெஞ்சில் இருந்தாள். மடியில் சீட்டு. முகமெல்லாம் வியர்வை.

"ஏட்டி, பரீட்சைன்னியே?"

"இல்லம்மா. பொய் சொன்னேன்."

அம்மா சற்று நகர்ந்து இடம் விட்டாள். அவள் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அம்மா முக்கால்வாசியைக் குடித்துவிட்டு மீதியை நீட்டினாள்.

"சண்முகக்கனி!"

அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

அம்மா படுத்தாள். நர்ஸ் வயிற்றில் ஜெல்லைத் தடவி, ஒரு சிறிய கருவியை வைத்து அழுத்தினாள். முதலில் வெறும் இரைச்சல். கருவி இடம் மாறியது. மறுபடி இரைச்சல்.

பிறகு வந்தது. தையல் மெஷினை யாரோ வெறிகொண்டு மிதிப்பதுபோல. விடாமல். மூச்சு வாங்காமல்.

அவள் பார்த்தாள்.

இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. தோல் இழுபட்டு மினுங்கியது. நடுவில் கறுப்பாக ஒரு கோடு. பக்கவாட்டில் வெளிறிப்போன பழைய கோடுகள்.

அவை, தான் உள்ளே இருந்தபோது போட்ட கோடுகள் என்று அவளுக்கு மெல்லத்தான் புரிந்தது.

"துடிப்பு நல்லா இருக்கு" என்ற நர்ஸ் பெரிய நோட்டு ஒன்றைத் திறந்தாள். "கூட வந்தவங்களைக் குறிக்கணும். நீ என்ன உறவும்மா?"

அம்மாவின் வயிற்றிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நான் அக்கா" என்றாள்.

நர்சின் பேனா நின்றது.