இந்தக் கூறு யாருக்கு

நேவிஸ் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கோயில் சுவரைப் பார்த்து நின்றாள்.

பின்னால் மணலில் நாற்பத்திரண்டு கூறுகள். தெருவில் நாற்பத்திரண்டு வீடு.

ஆற்று வெள்ளம் புன்னைக்காயலுக்கு வரும் ரோட்டைத் தின்றுவிட்டதால், நிவாரணச் சாமான் ஐந்தாம் நாள்தான் வள்ளத்தில் வந்து சேர்ந்தது. அதுவும் ஒரே மாதிரியாக வரவில்லை. ஒரு மூட்டையில் அரிசி, ஒன்றில் பிஸ்கட், ஒன்றில் யாரோ உடுத்திக் கழித்த சேலை. தார்ப்பாய் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றின் மேல்தான் நாற்பத்திரண்டு வீட்டுக் கண்ணும். எஞ்சினை மூட ஒருத்தருக்கு, வலையை மூட ஒருத்தருக்கு. கூரையே போனது நேவிஸ் வீட்டுக்கு மட்டும்தான். சுவர் ஊறிச் சரிந்தபோது கூரை ஓடுகளையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஆனால் ஊர்த்தலைவர் பெண்டாட்டியாக வாழ்ந்த வாய்க்கு, எனக்குத் தா என்று கேட்க வரவில்லை.

இப்போதைய தலைவன் டேவிட்சன் யாருக்கு எடுத்துக் கொடுத்தாலும் சண்டை வரும். தேனை எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான் என்று அதே தெரு டிக்சன் அவன் காதில் விழும்படியே சொல்லிவிட்டான். அதனால்தான் நேவிஸைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

கரையில் மீன் பங்கு வைக்கும் வழக்கம்தான். ஒருவர் ஒரு கூறைத் தொட்டு யாருக்கு என்று கேட்பார். முதுகு காட்டி நிற்பவர் பார்க்காமலே ஒரு வீட்டைச் சொல்வார். விழுந்தது விழுந்ததுதான். அப்புறம் பேச்சு கிடையாது.

சுனாமி வருஷம் கேட்டது அவள் புருஷன் மரியான், அன்றைய தலைவர். அப்போதும் இதே சுவர், இதே நேவிஸ்.

எங்கெங்கிருந்தோ லாரி வந்த நாட்கள் அவை. ஒவ்வொரு தடவையும் உருப்படாத கூறு தலைவர் வீட்டுக்கே விழுந்தது. ஒரு தடவை கம்பளிச் சட்டை. புழுங்கித் தள்ளும் பங்குனியில் அதை மாட்டிக்கொண்டு மரியான் பூசைக்குப் போனார். சாமியாருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைவருக்கு ராசி கிடையாது என்று ஊரே கேலி பேசியது. அத்தனை அழிவுக்கும் பிறகு ஊர் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். சுனாமி வேண்டாம், அந்தச் சிரிப்பு மட்டும் ஒரு தடவை திரும்பி வந்தால் போதும் என்று நேவிஸுக்கு ஏக்கமாக இருந்தது.

ராசி இல்லாமல் ஒன்றுமில்லை. முதல் லாரி வந்த அன்றே மரியான் சொல்லி வைத்திருந்தார்.

"ஏளா, நான் செருமுனா நம்ம வீட்டச் சொல்லு. மத்தத மாதா பாத்துக்கிடுவா."

இருப்பதிலேயே இளைத்த கூறு வந்ததும் மரியான் செருமுவார். அவள் தன் வீட்டைச் சொல்வாள். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியும் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இன்றைக்குச் செருமல் இல்லை. டேவிட்சன் கேட்கக் கேட்க, வாய்க்கு வந்த வரிசையில் வீடுகளைச் சொல்லிக்கொண்டே போனாள். முப்பத்தொன்பது முடிந்தது. கூட்டத்தில் இன்னும் சலசலப்பு இல்லை. அப்படியானால் தார்ப்பாய் இன்னும் யாருக்கும் விழவில்லை.

மூன்று கூறு. மூன்று வீடு. டிக்சன், டேவிட்சன், அப்புறம் அவள். பழக்கதோஷத்தில் தன் வீட்டைக் கடைசிவரை கையில் பிடித்து வைத்திருந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு தார்ப்பாய்க்கு இப்படி அடிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

பின்னால் டேவிட்சன் செருமினான்.

சின்னதாக இரண்டு, அப்புறம் பெரிதாக ஒன்று. அச்சு அசல் மரியான். அன்று மரியானுக்குப் பக்கத்தில் நின்று மூட்டை தூக்கியவன் இவன். இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"இந்தக் கூறு யாருக்கு, மயினி?"

மட்டமான கூறு. தலைவர் வீட்டுக்குப் போக வேண்டியது. இன்றைக்குத் தலைவர் வீடு டேவிட்சன் வீடு. அவன் பேரைச் சொன்னால் போதும், டிக்சனுக்கும் அவளுக்குமான மிச்ச இரண்டில் ஒன்று தார்ப்பாய்.

அவன் வீட்டில் நாற்பது நாள் ஆகாத பிள்ளை ஈரத் தரையில் கிடக்கிறது. நேற்று அவள்தான் அதைத் தூக்கி வைத்திருந்தாள்.

"மரியான் வீட்டுக்கு" என்றாள்.

கூட்டம் சலசலத்தது. பிறகு டிக்சனின் குரல் கேட்டது.

"போச்சு. தார்ப்பாய் மயினிக்கு விழுந்துட்டு."

வழக்கத்தை மீறி அவள் திரும்பிவிட்டாள்.

மணலில் நீலத் தார்ப்பாய் மடித்தபடி இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு டேவிட்சன் வள்ளம் நின்ற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டை தூக்கிய வயதில் அவன் கண்டு வைத்திருந்தது இவ்வளவுதான்: மரியான் அண்ணன் செருமினால் அந்தக் கூறு மரியான் அண்ணன் வீட்டுக்கு. பத்தொன்பது வருஷமாக அவனும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னும் ரெண்டு வீடு கெடக்கு, மயினி. திரும்பிக்கிடுங்க."

நேவிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாகவும் இருந்தது.