இடக்கைக்காரி

கத்தரிக்கோல்களின் சரக் சரக். அதன் மேல் பெண்கள் ஒரே குரலில் சொல்லும் "ஆமா". ஜெர்மன் சண்டைக் காலத்துப் போடி ஏலக்காய்க் கிடங்கில் வேலுத்தாய்க்குக் கடைசிவரை காதில் நின்றவை அவை இரண்டும்தான்.

காய்ந்த ஏலக்காயின் காம்பை நறுக்கும் பெண்கள் ஒன்றிரண்டை வாயில் போட்டுக்கொள்வதாக மேஸ்திரி உக்கிரபாண்டிக்குச் சந்தேகம். அதனால் ஒருத்தி கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் வரிக்கு வரி "ஆமா" சொல்ல வேண்டும். "ம்" செல்லாது. வாய் நிறைய வைத்துக்கொண்டும் "ம்" சொல்லலாமாம்.

மேஸ்திரியின் வாயில் எந்நேரமும் ஏலக்காய் மணக்கும். அதை யாரும் கேட்பதில்லை.

கதை சொல்கிறவள் சுருளியம்மாள். அவள் கதையில் வந்த ஆட்டுக்காரி மேல் வேலுத்தாய்க்கு உயிர். அந்த ஆட்டுக்காரி இடக்கைக்காரி, எதைக் கேட்டாலும் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அந்தக் கதை முடிந்த அன்று வேலுத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கதையில் ஒரு வளையல்காரன் மகள். அவளும் இடது கையால் தண்ணீர் மொண்டாள், சிரித்துவிட்டுப் பேசினாள். தொலைந்தவளைத் திருவிழாக் கூட்டத்தில் பார்த்த மாதிரி இருந்தது வேலுத்தாய்க்கு.

அதற்கடுத்து ஒரு ராணி. இடது கையில் வாள்.

"என்ன ஆத்தா, பேரை மாத்தி மாத்திப் பழைய ஆளையே கொண்டாற? சரக்குத் தீந்துபோச்சா?" என்றாள் வேலுத்தாய்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"தீந்துதான் போச்சு. நாளைக்கு நீயே சொல்லேன்டி."

மறுநாள் வேலுத்தாய் சொன்னாள். சொன்ன பேச்சு தட்டாத ஓர் இளவரசி, வலக்கைக்காரி.

"ஆமா... ஆமா..."

மேஸ்திரிக்குக் கதை காதில் ஏறாது. குறைகிற குரல் மட்டும் ஏறும். எழுந்துபோய் மூலையிலிருந்த மொக்கம்மாள் முன்னால் நின்றார்.

"வாயைத் தொற."

திறந்தாள். ஒன்றுமில்லை.

"முழுங்கிட்டியா? நாளையிலருந்து வராத."

மொக்கம்மாள் யாரோடும் பேசி வருஷமாகிறது. கிடங்கில் அந்த "ஆமா" ஒன்றுதான் வரும். அன்று அதுவும் வரவில்லை. இந்தக் கூலி இல்லையென்றால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

சுருளியம்மாள் வேலுத்தாயின் தொடையைக் கிள்ளினாள். "அந்த இடக்கைக்காரியக் கொண்டாடி. வெரசா!"

"அப்ப... அரமணை வாசல்ல ஒரு மோர்க்காரி வந்தா. எடது கையால மோர் ஊத்துனா. என்ன வெலைன்னு கேட்டாக்க, சிரிச்சுட்டுத்தான் சொன்னா."

"ஆமா," என்றாள் மொக்கம்மாள்.

மேஸ்திரி குனிந்து மோந்து பார்த்தார். ஏலக்காய் மணந்தது. யார் வாய் என்று அவருக்கே தெரியும். திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"அப்ப அந்த ஆட்டுக்காரி நெசமாவே இருந்தாளா ஆத்தா?" வேலுத்தாய் மெல்லக் கேட்டாள்.

"மோர்க்காரிய விட்டுறாத. மேல சொல்லு."

மொக்கம்மாளுக்குப் பொன்னுமணி என்று ஒரே மகள். குரங்கணிக்கு மேலே ஏலக்காட்டில் காய் பறிக்கப் போனவள், மலைக்காய்ச்சல் கண்டு அங்கேயே செத்துப்போனாள். இடது கையால்தான் பறிப்பாள்.